உப்புத் தண்ணீரில் நுரை

4

"ஏனுங்க, துப்பறியறவங்க ஊடு இதுதானுங்களா?"

"ஊடு இல்லீங்க, ஆபீஸ். ஊட்டுல இவ்வளவு தூசி இருந்தா யாராச்சும் குடியிருப்பாங்களா?" என்றபடி திருமூர்த்தி கதவைத் திறந்துவிட்டான்.

உக்கடம் பஸ் நிலையத்துக்கு எதிரே, கல்யாணத்துக்குத் தேக்சா, அண்டா வாடகைக்கு விடும் கடையின் மாடி அது. படியேறி வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் செல்போன் ஒன்றுதான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நானு ராசாத்தாளுங்க. கிணத்துக்கடவுல இருந்து வாரேன். என்ர புள்ளைய இன்னிக்கு நாலு மணிக்குக் கப்பல்ல இருந்து எறக்கி உடறாங்களாமா."

"கோயமுத்தூர்க்காரங்களுக்குக் கப்பல்ல ஏறவும் தெரியாது, எறங்கவும் தெரியாதுங்களே. நீங்க எப்படி…"

"திருமூர்த்தி, டீ சொல்லு," என்றாள் ஹபீபுன்னிசா.

டீ சொல்லு என்றால் வாயை மூடு என்று பொருள். மருந்துக் கம்பெனியில் பை தூக்கி, கால் டாக்ஸி ஓட்டி, இரண்டிலும் வாயால் வேலையை இழந்து அவளிடம் வந்து சேர்ந்தவன் திருமூர்த்தி. மூன்று வருஷத்தில் ஒரு நாளும் டீ வந்ததில்லை.

ஹபீபுன்னிசா ரயிலில் இருபத்தெட்டு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். டிக்கெட் இல்லாதவர்கள் மேல் அவளுக்கு ஒரு நாளும் கோபம் வந்தது கிடையாது. அடுத்தவர் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, உரியவர் வந்து நிற்கும்போது "நீங்க யாருங்க?" என்று கேட்கிற ஜாதி ஒன்று உண்டே, அதைக் கண்டால்தான் அடிவயிறு எரியும். ராசாத்தாளின் செல்போனை வாங்கிப் படித்தபோது அந்த எரிச்சல் அப்படியே கிளம்பியது.

பீளமேட்டில் இருக்கும் ஓஷன் க்ரெஸ்ட் வேர்ல்ட் ஸ்கூல், இருநூறு பெற்றோர்கள் உள்ள வாட்ஸப் குழுவில் போட்டிருந்த அறிவிப்பு அது.

'நம் மாணவர்களின் முப்பது நாள் பாய்க்கப்பல் கல்விப் பயணத்தில், மாணவி லோகப்பிரியா குழாயைத் திறந்து போட்டதால் ஐநூறு லிட்டர் குடிநீர் வீணானது. கப்பல் பாதி வழியில் கொச்சிக்குத் திரும்ப நேர்ந்தது. ஒழுங்கைக் காக்க, மேற்படி மாணவி இன்று மாலை நான்கு மணிக்குக் கப்பலிலிருந்து இறக்கப்படுகிறார்.'

"பயணத்தை முழுசா முடிச்சாத்தான் அவளுக்கு மெரிட் சீட்டுங்க. எறக்கிட்டா டீசிதான்னு சொல்லிப்போட்டாங்க. ரெண்டு மணிக்கு விசாரணையாமா, என்னையும் வரச் சொன்னாங்க. போன்ல அவகிட்டக் கேட்டேன். 'நான் தொறக்கலைம்மா, அளந்து பாத்தேன், கொறைஞ்சிருந்துச்சு, போய்ச் சொன்னேன்' அப்படிங்கறா. வேற ஒரு வார்த்தை வராது அவளுக்கு. பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா நான் இங்க வந்திருக்கவே வேண்டாமுங்க."

"கப்பல் எப்ப கெளம்புது?"

"அதே நாலு மணிக்குத்தானுங்க."

ஹபீபுன்னிசா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "திருமூர்த்தி, வண்டியை எடு."

"டீ?"

"எடுன்னேன்."

*

அவிநாசி ரோட்டில் வண்டி நகர்ந்த லட்சணத்துக்கு இறங்கி நடந்திருக்கலாம். ஹபீபுன்னிசா முன் சீட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளியின் இணையப் பக்கத்தை ராசாத்தாளின் செல்போனில் திறந்தாள்.

'கப்பலில் ஒரு நாள்: பதினோராம் நாள் நாட்குறிப்பு. எழுதியவர் அக்ஷிதா.' மேலே இங்கிலீஷ், கீழே தமிழ்.

"தமிழ்ல வேற எழுதிருக்குதுங்களா?" திருமூர்த்திக்கு ஆச்சரியம். "அந்த ஸ்கூல்ல தமிழ் பேசினா ஃபைன் போடுவாங்களே."

"தமிழ்ப் பாடத்துக்கு மார்க்குன்னு போட்டிருக்கு. இங்கிலீஷ்ல எட்டு வரி. தமிழ்ல எண்பது வரி. மேல இருக்கறதை மேனேஜ்மென்ட் திருத்தியிருக்கு. கீழ இருக்கறதைத் திருத்த, முதல்ல படிச்சுப் பாக்கணுமே."

"யாருங்க அந்த அக்ஷிதா?"

பின் சீட்டிலிருந்து ராசாத்தாள் சொன்னாள்: "மில்லுக்காரங்க புள்ளைங்க. ஸ்கூலுக்கு நீச்சல் குளம் கட்டிக் குடுத்தவங்க. என்ர புள்ளைகூட அன்னிக்குச் சமையல் முறையில இருந்தது அதுதான்."

"ரெண்டு பேர் முறை. ஒருத்தருக்கு மட்டும் தண்டனை. மத்தவளுக்கு நீச்சல் குளம்," என்றான் திருமூர்த்தி.

"ஓட்டு. நான் படிக்கறேன்."

'காலை நான்கு மணிக்கு மணி அடித்தது, எங்கள் குழுவின் முறை. நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்றார்கள். அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான் வகுப்பு, பாத்திரம், துணி, வீட்டுப்பாடம் எல்லாம் வருகிறது. ஆகையால் ஓய்வு என்பது கண் இமைப்பது மட்டுமே. பொழுது விடிந்ததும் மேல்தளத்தைக் கடல் நீர் ஊற்றித் தேங்காய் மட்டையால் தேய்த்தோம். பிறகு சுக்கான் பிடிக்க என்னை விட்டார்கள். நான் பிடித்தபோது கப்பல் வேறு நாட்டுக்குப் போகப் பார்த்தது. நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கருவி வைத்து அளந்து, நாம் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டோம். என் கணக்குப்படி பொள்ளாச்சியில் இருந்தோம்.'

"இந்தப் புள்ளை நம்ம கட்சிங்க மேடம்."

'குளிக்கக் கடல் தண்ணீர் மட்டும்தான். வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி எடுக்க வேண்டும். கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் தருவார்கள். நாங்கள் குளித்துக்கொண்டே கத்திப் பாடியதில், கவின் சார் தன் அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டி அதட்டினார். தலை முழுக்க நுரை, கோன் ஐஸ் போல. நாங்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தோம்.'

"கவின் யாரு?"

"தாளாளர் அம்மாவோட தம்பிங்க. கடல் கல்வி டைரக்டரு. ராத்திரி காருல வந்துட்டாராமா, விசாரணைக்கு. அடுத்த துறைமுகத்துல மறுபடி ஏறிக்குவாராமா."

கீழே ஒரு படம். மேல்தளத்தில் அக்ஷிதா, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். நீளமான கூந்தலைச் சுருட்டி உச்சியில் வைத்திருக்கிறாள், அதன்மேல் சோப்பு நுரை மலையாகக் குவிந்திருக்கிறது. 'கடல் குளியல்!' என்று தலைப்பு.

ஹபீபுன்னிசா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி வெகு நேரம் பார்த்தாள். பிறகு உதட்டைச் சுழித்து, மேலே படித்தாள்.

'மாலையில் லோகப்பிரியாவும் நானும் சமையலறை. தண்ணீர்க் குழாய்க்கு அடியில் சிங்க் எதுவும் கிடையாது, கூஜாவை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து முப்பது பேருக்குச் சப்பாத்தி மாவு பிசைந்தோம். பெருக்கினால் மாவு புகையாகப் பறந்தது. பிறகு குடிநீர் அளவைப் பலகையில் எழுத வேண்டும். நாங்கள் எல்லோரும் நேற்றைய எண்ணில் நூறைக் கழித்து எழுதிவிடுவோம். ஒரு நாளைக்கு நூறு லிட்டர்தானே செலவு? ஆனால் லோகப்பிரியா அளவுக் குச்சியைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தாள். ஆயிரம் இருக்க வேண்டிய இடத்தில் ஐநூறுதான் இருந்தது. அவள் கேப்டனிடம் ஓடினாள்.'

"மேடம்," என்றான் திருமூர்த்தி. "ஐநூறு லிட்டர் அந்தத் தரையில கொட்டியிருந்தா மாவு எப்படிங்க பறக்கும்? களியாயிருக்காதுங்களா?"

"பரவாயில்லை, வாய் மட்டுமில்லாம மூளையும் வெச்சிருக்கே. குழாய் தொறந்து கெடக்கலை. பத்து நாளும் ஒருத்தரும் குச்சியை விட்டுப் பாக்கலை, எல்லாம் கழித்தல் கணக்கு. அந்தப் பத்து நாளா தெனமும் அம்பது லிட்டர் போயிருக்கு. அம்பது லிட்டரை ஒரு ஆளு குடிக்க முடியாது."

"குளிக்கலாமுங்க."

"குளிக்கலாம்."

"யாருன்னு தெரிஞ்சு போச்சுங்களா?"

"தெரிஞ்சது."

"சொல்லுங்க."

"அங்க வந்து கேட்டுக்கோ."

"இப்படியே சொல்லாம வெச்சு வெச்சு, ஒரு நாளைக்கு நெஞ்சடைச்சிட்டா கேஸு என்னங்க ஆவுறது?"

விடையை வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பதில் ஹபீபுன்னிசாவுக்கு ஒரு ருசி. அந்த ருசி சற்று நேரத்தில் எப்படிக் கசக்கப் போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

*

கடலுக்கும் அந்தப் பள்ளிக்கும் நடுவே ஒரு மலைத்தொடரும் ஒரு மாநிலமும் இருந்தன. அதனாலென்ன? வாசலில் நங்கூரம், வரவேற்பறையில் மீன் தொட்டி, சுவரில் கப்பல் சக்கரம். வாட்ச்மேனுக்குக்கூட நீலக் கோடு போட்ட பனியன். பாவம், அவர் அதற்குள் கூசி நின்றார்.

விசாரணை அறையில் ஏசி நடுக்கியது. நீள மேஜையின் தலைமாட்டில் தாளாளர் அன்புச்செல்வி, பக்கத்தில் தம்பி கவின். கவினுக்கு வெள்ளைவெளேரென்ற சீருடை, தோளில் நான்கு தங்கப் பட்டை. சுவரில் இருந்த பெரிய திரையில் 'கடல்மைனா' கப்பலின் மேல்தளம் தெரிந்தது. நிஜமான கேப்டன் அங்கே வெளுத்துப்போன டீ சர்ட்டில், பல்லில் ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் தோளில் பட்டை எதுவும் இல்லை.

கேப்டனுக்குப் பின்னால், கட்டி வைத்த பையின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒல்லி, கறுப்பு, முகத்தில் ஒரு பிடிவாதம்.

"லோகு, சாப்பிட்டியா கண்ணு?" என்றாள் ராசாத்தாள் திரையைப் பார்த்து.

"சாப்ட்டேன்."

"பர்சனல் டாக் வேண்டாமே," என்றான் கவின். "நாம புரசீஜரா போலாம். யாரு இவங்க?"

"துப்பறியறவங்களுங்க," என்றான் திருமூர்த்தி. "நான் அவங்க அசிஸ்டன்ட். தண்ணி கொஞ்சம் கெடைக்குமுங்களா? இல்லை, இங்கேயும் தீந்துருச்சுங்களா?"

அன்புச்செல்வி சிரித்தாள். பணிவிலேயே ஆளை நறுக்கும் சிரிப்பு. "ஏனுங்கம்மா, ஒரு சின்ன டிசிப்ளின் மேட்டருக்கு டிடெக்டிவ் எல்லாமுங்களா? நாங்க அந்தப் புள்ளைமேல கோவமே படலைங்க. அவங்களுக்கு இந்த மாதிரி எக்ஸ்போஷர் பழக்கமில்லை. ஊட்டுல மோட்டார் போட்டா வயலுக்குப் பாயும், அப்படியே உட்டுட்டுப் போயிருவாங்க. அதே பழக்கம் கப்பல்லயும் வந்துருச்சு. புரிஞ்சுக்கறோமுங்க."

ராசாத்தாள் எழப் பார்த்தாள். ஹபீபுன்னிசா அவள் கையை மேஜைக்கடியில் பிடித்து அழுத்தினாள்.

"கேப்டன் சார், அன்னிக்குச் சாயங்காலம் சமையலறைத் தரை நனைஞ்சிருந்துச்சா?"

"ஒரு துளி இல்லா," என்றார் கேப்டன் மலையாளத் தமிழில். "ஞான் டைரக்டர்கிட்ட சொன்னேன். பிள்ளைங்க தண்டனை அவரோட அதிகாரமாம். அக்ரிமென்ட்ல அப்படி."

"அது வழிஞ்சு கீழ போயிருக்கும்," என்றான் கவின்.

"மாவுக்கு மேலயேவா? மாவு நனையாமயா? நல்ல தண்ணிதான் போங்க," என்றாள் ஹபீபுன்னிசா. நாட்குறிப்பை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினாள். பத்து நாள், தினம் ஐம்பது லிட்டர். அன்புச்செல்வியின் சிரிப்பு மெதுவாக வற்றியது. அந்தத் தமிழ்ப் பக்கத்தை அவள் இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"இப்ப இந்தப் படத்தைப் பாருங்க. அக்ஷிதாவைக் கொஞ்சம் கேமரா முன்னாடி வரச் சொல்லுங்க, கேப்டன்."

குண்டுக் கன்னத்தோடு ஒரு பெண் திரையில் வந்து நின்றாள்.

"கண்ணு, இது கடல் தண்ணியில குளிச்சப்ப எடுத்த படமா?"

"ஆமாங்க ஆன்ட்டி."

ஹபீபுன்னிசா நாற்காலியில் சாய்ந்தாள். இந்த இடத்துக்காகத்தான் வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். "நான் ராமேஸ்வரம் ரயில்ல போன காலத்துல, ரெஸ்ட் ரூம்ல உப்புத் தண்ணிதான் வரும். சோப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கை ஓஞ்சு போகும், திரிதிரியா வருமே தவிர நுரை வராது. போர்த் தண்ணிக்கே அந்தக் கதின்னா, கடல் தண்ணிக்குக் கேக்கணுமா? சிறுவாணித் தண்ணியில பொறந்து வளர்ந்தவங்களுக்கு அது தெரியாது. தெரியாமத்தான் நீ தலையில நுரையை ஏத்திக்கிட்டு, கடல் குளியல்னு எழுதிட்ட. அது நல்ல தண்ணி. அவ்வளவு நீளக் கூந்தலுக்கு அம்பது லிட்டர் வேணும்தான். இல்லையா?"

அக்ஷிதாவின் வாய் கோணி, கண்ணில் நீர் தளும்பியது. "இல்லைங்க… நான்… லோகா…" பின்னாலிருந்து லோகப்பிரியா பையை விட்டு எழுந்தாள்.

அன்புச்செல்வியின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். மில்லுக்காரர் மகளா! நீச்சல் குளம் ஒரு பக்கம், இருநூறு பெற்றோர் ஒரு பக்கம். கண் இரண்டும் தராசுத் தட்டு மாதிரி ஆடின.

"ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள் ராசாத்தாள்.

"அம்மணி, நீங்க சும்மா இருங்க. உங்க பொண்ணு தப்பிச்சாச்சு."

"தப்பிக்கட்டுமுங்க. இந்தப் புள்ளை மேல பழி போட்டா வேண்டாமுங்க." அவள் எழுந்து நின்றாள். "அது நான் காய்ச்சின சோப்புங்க. தேங்கா எண்ணெயில. எங்க ஊட்டு போர்த் தண்ணி வாயில வைக்க முடியாதுங்க, அவ்வளவு உப்பு. கடைச் சோப்பு எதுவும் நுரைக்காது. தேங்கா எண்ணெய்ச் சோப்பு மட்டும் எந்த உப்புலயும் நுரைக்கும். அதான் இருவது கட்டி காய்ச்சி, எல்லாப் புள்ளைங்களுக்கும் குடுடின்னு சொல்லி லோகுகிட்டக் குடுத்து உட்டேன்."

"லோகா குடுத்த சோப்புதாங்க ஆன்ட்டி," என்று திரையில் அக்ஷிதா தேம்பினாள்.

ஹபீபுன்னிசாவுக்குக் காது வரை சுட்டது. வழியெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அடுத்தவர் சீட்டில் காலை நீட்டியவள் இன்றைக்குத் தானேதான் என்று பட்டது. பதினாறு வயசுப் பிள்ளையை அழ வைத்த துப்பறிவாளி! தூ!

"மேடம், டீ சொல்லட்டுங்களா?" என்று திருமூர்த்தி காதோரம் கேட்டான்.

"கண்ணு அக்ஷிதா," என்றாள் ஹபீபுன்னிசா, "நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கம்மா."

சுவர்க் கடிகாரம் மூன்று பத்து காட்டியது. கவின் மணிக்கட்டைத் திருப்பித் தன் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டான். வெற்றி மிதப்பில் காலை நீட்டிச் சாய்ந்தான்.

"ஃபன்னி! சோப்பை வெச்சுத் துப்பறியறாங்க. அக்கா, போதும் இந்தக் கூத்து. அந்தச் சோப்பு விஷயமே ஒரு நியூசென்ஸ். கப்பல் முழுக்க எண்ணெய்ச் செக்கு நாத்தம். எனக்கும் ஒரு கட்டியைக் கொண்டு வந்து நீட்டுச்சு அந்தப் பொண்ணு. நான் தொடக்கூட இல்லை. இத்தாலியில இருந்து வர்ற ஆலிவ் ஆயில் சோப்பு மட்டும்தான் என் ஸ்கின்னுக்கு. இந்தக் கிராமத்துச் சரக்கெல்லாம் யாரு போடுவா?"

சொல்லி முடித்துச் சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

ஹபீபுன்னிசா மெதுவாக முன்னால் குனிந்தாள். "சார் எதுல குளிப்பீங்க கப்பல்ல?"

"ஸ்டூடன்ட்ஸ் எதுல குளிக்கறாங்களோ அதுலதான். கடல் தண்ணி. லீட் பை எக்ஸாம்பிள். ரூமுக்கு ஒரு வாளி கொண்டு போயிருவேன்."

"பதினோராம் நாளும்?"

"எவ்ரி டே."

"ஆலிவ் ஆயில் சோப்புப் போட்டு?"

"எத்தனை தடவைங்க சொல்றது?"

"தலை முழுக்க நுரை, கோன் ஐஸ் போல," என்று நாட்குறிப்பைப் பார்க்காமலே சொன்னாள் ஹபீபுன்னிசா.

திருமூர்த்தி மெல்ல விசிலடித்தான். கவினுக்குப் புரிய இரண்டு நொடி பிடித்தது. அவன் அக்காவுக்கு ஒரு நொடிதான்.

"கேப்டன் சார், கடல் தண்ணி கைவசம் இருக்கா? துறைமுகத்துத் தண்ணி வேண்டாம், ஆத்துத் தண்ணி கலந்திருக்கும்."

"பாத்திரம் கழுவ நடுக்கடல்ல அள்ளி வெச்ச பீப்பாய் உண்டு."

"டைரக்டர் ரூம்ல இருந்து அவர் சோப்பை எடுத்துட்டு வாங்க."

"அது என் பிரைவேட் கேபின்!" கவின் துள்ளி எழுந்தான். "அங்க யாரும் போகக்கூடாது! அக்கா, சொல்லுங்க!"

"கப்பல்ல பிரைவேட் எதுவும் இல்லா சார்," என்றார் கேப்டன், பல்லில் இருந்த குச்சியைத் துப்பிவிட்டு. திரையிலிருந்து மறைந்தார்.

மூன்று நிமிஷம் ஆயிற்று. மீன் தொட்டியின் குமிழிச் சத்தம் வரவேற்பறையிலிருந்து கேட்டது. கேப்டன் திரும்பி வந்தபோது வலது கையில் தங்கத்தாள் சுற்றிய வெண்சோப்பு ஒன்று இருந்தது. இடது கையை மூடி வைத்திருந்தார்.

லோகப்பிரியா பீப்பாயிலிருந்து ஒரு வாளி மொண்டாள். முதலில் அக்ஷிதா தேங்காய் எண்ணெய்ச் சோப்பைத் தேய்த்தாள். இரண்டு கைக்கும் வெள்ளை உறை போட்டது போல் நுரை ஏறியது. அடுத்து இத்தாலியச் சோப்பு. லோகப்பிரியா தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். திரிதிரியாகப் பிசுக்கு வந்தது. உள்ளங்கையைக் கேமராவுக்கு நேராக விரித்துக் காட்டினாள். தோற்ற பரீட்சைத்தாள் மாதிரி இருந்தது அது.

கேப்டன் இடது கையைத் திறந்தார். அறுந்த கம்பித் துண்டு ஒன்று. "அந்த ரூம்ல கட்டிலுக்குப் பின்னால அலமாரி. உள்ளே பழைய கைப் பம்பு, நேரா நல்ல தண்ணித் தொட்டிக்குப் போகும். புறப்படும் முன்ன ஞான் தான் கம்பி கட்டி சீல் வெச்சது. கம்பி அறுந்திருக்கு. பம்பு நனைஞ்சிருக்கு."

"எனக்கு ஸ்கின் அலர்ஜிங்க," என்றான் கவின். தோளில் தங்கப் பட்டை நான்கும் அப்படியேதான் இருந்தன. உள்ளே இருந்த ஆள்தான் சுருங்கிவிட்டான்.

"உப்புக்கா, உண்மைக்கா?" என்றாள் ஹபீபுன்னிசா. "முப்பது பேர் குடிக்கற தண்ணி. நடுக்கடல். தெனமும் அம்பது லிட்டரைத் தலையில கொட்டிட்டு, அதை அளந்து சொன்ன புள்ளையைத் தெருவுல நிறுத்தப் பாத்தீங்க. பித்தளை உருவுனவன், செருப்புத் திருடுனவன்னு ரயில்ல நான் பாக்காத களவாணி இல்லை. அவனுங்க எல்லாம் குனிஞ்சு நின்னானுங்க சார். நீங்க பட்டை குத்திக்கிட்டு நின்னீங்க."

அன்புச்செல்வி தொண்டையைக் கனைத்தாள். குரலில் மறுபடி தேன் ஊறியிருந்தது. "ராசாத்தாளுங்க, நடந்தது நடந்து போச்சுங்க. லோகப்பிரியா தாராளமா பயணத்தைத் தொடரட்டும். மெரிட் சீட்டுக்கும் ஒண்ணும் பங்கமில்லைங்க. குரூப்புல 'பம்பு பழுது'ன்னு ஒரு மெசேஜ் போட்டுடறேன். நமக்குள்ளயே முடிச்சுக்கலாமுங்களா?"

"முடியாதுங்க," என்றாள் ராசாத்தாள்.

"ஏனுங்க, இவ்வளவு எறங்கி வந்துட்டேனே…"

"என்ர புள்ளை பேரை இருநூறு பேருக்குப் போட்டப்ப நமக்குள்ளன்னு தோணலீங்களா? பம்பு மேல பழி போடாதீங்க, அது என்ன பாவம் பண்ணுச்சு? காலையில போட்டீங்களே, அதே மெசேஜ எடுங்க. பேரையும் செஞ்ச வேலையையும் மட்டும் மாத்துங்க. மத்ததெல்லாம் நல்லாத்தானுங்க எழுதியிருந்தீங்க."

"அவன் என் தம்பிங்க."

"அவ என்ர புள்ளைங்க."

அன்புச்செல்வி தம்பியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். கேப்டன் கம்பித் துண்டைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்துவதையும் பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்து ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தாள். ஹபீபுன்னிசா பின்னால் போய் நின்று, தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"'கவனக்குறைவால்' வேண்டாம். பத்து நாள் தொடர்ந்து கவனம் குறையாது. எடுங்க அதை."

எடுத்தாள்.

"'சிறிதளவு' வேண்டாம். ஐநூறு லிட்டர்னு இருந்துச்சே, அதையே போடுங்க."

போட்டாள். அனுப்பினாள். மேஜை மேல் ராசாத்தாளின் செல்போன் 'டிங்' என்றது. கவினின் செல்போனும் 'டிங்' என்றது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை.

மூன்று ஐம்பது. "டைரக்டர் சார்," என்று திரையிலிருந்து கேப்டன் கூப்பிட்டார். "நாலு மணிக்கு ஒரு ஆள் எறங்குதுன்னு போர்ட் ஆபீசுக்கு எழுதிக் குடுத்தாச்சு. அதை இனி கேன்சல் செய்ய நேரமில்லா. அதனால உங்க பேரை எழுதிட்டேன். பெட்டி ஜெட்டியில இருக்கு. இங்க மழை தூறுது. சீக்கிரம் ஆளை அனுப்புங்க."

"அஞ்சு மணி நேரம் ஆகுமுங்களே அங்க போக," என்றான் திருமூர்த்தி கவலையாக. "பெட்டி நனைஞ்சு போகுமே. ஆனா மழைத் தண்ணி நல்ல தண்ணிதானுங்க சார். உங்க சோப்புக்குத் தோதாத்தான் இருக்கும்."

திரையில் மணி அடித்தது. யாரோ உரக்கக் குரல் கொடுக்க, பிள்ளைகள் வரிசையாகக் கயிற்றுக்கு ஓடினார்கள். லோகப்பிரியா பையைக் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, அக்ஷிதாவுக்கு முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்தாள். பாய் மெதுவாக மேலே ஏறியது.

"லோகு!" என்றாள் ராசாத்தாள்.

அவள் திரும்பவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"லோகு, இங்க பாரு கண்ணு!"

"திரும்பினா கயிறு உட்டுரும், அம்மா," என்றார் கேப்டன்.

"அப்ப வேண்டாமுங்க," என்றாள் ராசாத்தாள். "இழுக்கட்டும்."